புழுவின் தாளத்தை எந்தக் கடிகாரத்தில் அளப்பது?

ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று வளர்கிறது. வளரும்போது அதன் உடலில் செயல்படும் மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கின் செயல்பாடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. முட்டையிலிருந்து வெளியே வந்து முழுப் புழுவாக ஆவதற்குள் அது நான்கு முறை தோலுரிக்க வேண்டும். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு சுற்று. ஆயிரக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தில் எழுந்து, வேலையை முடித்து அடங்குகின்றன. அடுத்த தோலுக்கு அதே வரிசையில் திரும்ப வருகின்றன.

பினாங்கில், கெலுகோர் பக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். புழுக்களைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று பல காலமாக ஆசை. புழு என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மில் அதிகம். இந்தத் தாளத்தைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள் என்று நம்புகிறேன். அதிலும் நெருங்கிய சொந்தக்காரப் புழுக்கள் இரண்டை எடுத்து, இரண்டின் தாளமும் ஒன்றுதானா என்று கேட்கும்போது விஷயம் இன்னும் சுவையாகிறது.

முதலில் புழுவைச் சொல்லிவிடுகிறேன். சி. எலிகன்ஸ் என்பது மண்ணிலும் அழுகும் பழங்களிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் உருளைப்புழு. யாருக்கும் கெடுதல் செய்யாது. 1900-இல் எமீல் மோப்பா என்ற பிரெஞ்சுக்காரர் அல்ஜீரியா மண்ணிலிருந்து எடுத்து இதை விவரித்தார். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்று வளரும் வழக்கமான வகை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் காளான் உரத்திலிருந்து வந்தது. சிட்னி பிரென்னர் 1974-இல் இதன் மரபியலை எழுதிய பிறகு இதன் புகழ் ஏறிவிட்டது. ஆணும் பெண்ணும் ஒரே உடலாக உள்ள வளர்ந்த இருபால் புழுவில் இனப்பெருக்க அணுக்களை விட்டுவிட்டால் சரியாக 959 உயிரணுக்கள், அவற்றில் 302 நரம்பணுக்கள். எந்த இருபால் புழுவை எடுத்தாலும் அதே கணக்குதான். 1998-இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் பல்லுயிரணு விலங்கு இதுவே.

தோலுரிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது தனி அனுபவம். நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் புழுவின் தொண்டை இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கையில் அந்தத் துடிப்பு நிற்கும். உடல் அசைவும் அடங்கும். சுமார் 2 மணி நேரம் புழு தூங்கும். இது சும்மா அழகுக்குச் சொல்வது இல்லை, தூக்கத்துக்கு உரிய அடையாளங்கள் இந்த நிலைக்கு இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் உருவாகிறது. அப்புறம் புழு தன் உடலைச் சுற்றிச் சுற்றிப் புரட்டும். தலைப்பக்கம் தோல் தளர்ந்து, கண்ணாடிக் குல்லா போல் மூக்கின் முன்னால் நிற்கும். தொண்டையின் உள்தோலும் சேர்ந்து கழன்று வரும். அதைத் துப்பிவிட்டு, முன்னால் இருக்கும் உறையை முட்டிக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வந்ததும் உடனே சாப்பாடு. விட்டுப்போன தோல், புழுக்களை வளர்க்கும் அகார் கூழின் மேல் புழு வடிவத்திலேயே கிடக்கும்.

இதற்குப் பின்னால் இருக்கும் மரபணு அலை 2013, 2014 வாக்கில்தான் முழு அளவில் தெரிய வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஹெல்கே குரோஸ்ஹான்ஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அளக்க முடிந்த தூது ஆர்.என்.ஏ.க்களில் (மரபணு செயல்படும்போது உருவாகும் அதன் நகல்கள்) கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று 8 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஏறி இறங்கியது. நூற்றுக்கணக்கானவை பத்து மடங்குக்கு மேல் மாறின. அதே குழு 2020-இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது எண்ணிக்கை 3,700-ஐத் தாண்டியது, அதாவது நான் தொடக்கத்தில் சொன்ன நான்கில் ஒரு பங்கு. தோலுக்கு வேண்டிய கொலாஜன் மரபணுக்கள் இதில் ஏராளம். தோலோடு நேரடியாகச் சம்பந்தப்படாதவையும் பல. எல்லாம் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. சுற்றின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அப்போது உச்சத்தில் இருக்கும் மரபணுக்கள் சில உண்டு. இடைவெளியே கிடையாது.

இது நம் உடலின் இரவு பகல் கடிகாரம் மாதிரி வேலை செய்வதில்லை. நம் கடிகாரம் குளிரானாலும் வெயிலானாலும் ஏறக்குறைய 24 மணி நேரத்தை விடாது. புழுவின் தாளம் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரியில் ஒரு சுற்றுக்கு 7, 8 மணி நேரம். குளிர வைத்தால் நீளும். ஆனால் ஒரு பழைய உறவு இருக்கிறது. ஈக்களின் நாள் கடிகாரத்தை நடத்தும் பீரியட் என்ற மரபணுவை 1971-இல் கண்டுபிடித்தார்கள். அதன் சொந்தக்காரமான லின்-42 புழுவில் இருப்பது 1999-இல் தெரிந்தது. புழுவில் அது நாளைக்கு ஒரு முறை ஏறுவதில்லை, தோலுக்கு ஒரு முறை ஏறுகிறது. ஒரே குடும்பத்து மரபணு, ஒரு விலங்கில் சூரியனைப் பார்க்கிறது, இன்னொன்றில் தோலைப் பார்க்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இனி ஒப்பிடும் கதை.

சி. எலிகன்ஸுக்கு சி. பிரிக்சே என்று ஒரு சொந்தம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணுக்கே வித்தியாசம் பிடிபடாது. கரு வளரும்போது எந்த உயிரணு எப்போது எங்கே பிரிகிறது என்பதுகூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மரபணு எழுத்துகளை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், மனிதனுக்கும் எலிக்கும் உள்ள தூரத்துக்குக் குறைந்ததில்லை. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் சி. பிரிக்சே வகை நம் குஜராத்தின் அகமதாபாத்திலிருந்து எடுக்கப்பட்டது. வெப்ப நாடுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது, சூட்டையும் சி. எலிகன்ஸைவிடக் கூடுதலாகத் தாங்கும். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். ஐரோப்பாவில் புழுப் பெட்டியைச் சூடாக்கி 20 டிகிரிக்குக் கொண்டு வரலாம். இங்கே வெளியே 32 டிகிரி. எங்கள் இன்குபேட்டர்கள் வருடம் முழுக்கக் குளிரூட்டிக்கொண்டே இருக்கின்றன. குளிர் போனால் சி. எலிகன்ஸ் முட்டை வைப்பதை நிறுத்திவிடும்.

உருவம் ஒன்று, எழுத்து வேறு. அப்படியானால் தாளம்? இதைக் கண்டுபிடிக்கச் செய்யும் வேலை கேட்பதற்கு எளிது. முட்டை நிறைந்த புழுக்களைப் பிளீச்சில் போட்டால் புழுக்கள் கரைந்துவிடும், ஓட்டுக்குள் முட்டைகள் பத்திரமாக இருக்கும். அவற்றை உணவில்லாத உப்புக் கரைசலில் பொரிக்க விட்டால், குஞ்சுப் புழுக்கள் முதல் பருவத்திலேயே காத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு போட்டால் ஒன்றாக ஓடத் தொடங்கும். மணிக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து உறைய வைத்து ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டியது. இரண்டு இனத்துக்கும் இதையே செய்து பக்கத்தில் வைத்தால் முடிந்தது என்றுதான் தோன்றும்.

முடியாது. சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

ஒரு சுற்று 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு ஏறி இறங்கும் ஒரு மரபணு, வேகமாக ஏறும் கட்டத்தில், ஒரே மணி நேரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். இரண்டு மடங்கு வித்தியாசம் என்பது மரபணு ஆய்வில் பலர் வழக்கமாகப் பெரிய மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும் அளவு. இப்போது இன்னொரு இனம் இதைவிட ஒரு மணி நேரம் பிந்தி வளர்கிறது என்றால் என்னாகும்? சாப்பாடு போட்டு 20-வது மணி நேரத்தில் இரண்டையும் எடுத்து ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறிவிட்டன என்று கணினி அடித்துச் சொல்லும். உண்மையில் எதுவுமே மாறியிருக்காது. ஒன்று சற்றுப் பிந்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்கு மணி நேரம் பிந்தினால் இன்னும் மோசம். ஒன்று உச்சியில் நிற்கும்போது மற்றது அடியில் கிடக்கும். இரண்டு இனம் வேண்டியதில்லை, ஒரே இனத்தில் ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டுக் கெடாததோடு ஒப்பிடும்போதும் இதே குழி காத்திருக்கிறது. வளர்ச்சி கொஞ்சம் மந்தமானாலே பட்டியல் நீண்டுவிடும். அந்தப் பட்டியலைப் பார்த்து அந்த மரபணுவின் வேலை இதுதான் என்று எழுதுவது ஆபத்து. 2014 ஆய்வே இந்த எச்சரிக்கையைத் தந்தது. அந்த ஆய்வின் மிகப் பெரிய கொடை இதுதான் என்பது என் எண்ணம்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இதை உடனே விளங்க வைக்கலாம். ஒருவர் ஆதி தாளத்தை விளம்ப காலத்தில் மெதுவாகப் போடுகிறார், இன்னொருவர் துரிதத்தில் வேகமாகப் போடுகிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்து பத்தாவது விநாடியில் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ஒருவர் தட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் விரல் எண்ணிக்கொண்டிருப்பார். தாளமே வேறு என்று முடிவு கட்டிவிடலாம். தாளம் தொடங்கும் சமத்திலிருந்து எத்தனையாவது அட்சரம் என்று கேட்டால்தான் இருவரும் போடுவது ஒரே தாளம் என்பது தெரியும்.

ஆகவே மணியை விட்டுவிட்டு, சுற்றில் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். சரி, அந்த இடத்தை எப்படிக் குறிப்பது? இங்கேயும் ஒரு குழி. பல ஆய்வாளர்கள் மரபணு அலைகளையே ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நன்றாகப் பொருந்தும்வரை நேரத்தை இழுத்தும் சுருக்கியும் பார்ப்பார்கள். கணக்காக அது சரிதான். ஆனால் பொருத்திவிட்டு, பாருங்கள் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று வியப்பதில் என்ன இருக்கிறது? பொருத்தியது நாம்தானே. அதனால் மரபணுவுக்கு வெளியே ஒரு அடையாளம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தொண்டைத் துடிப்பு நிற்கும் நேரம், பழைய தோலை விட்டு வெளியே வரும் நேரம். இவற்றைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு தோலுரிப்பிலிருந்து அடுத்த தோலுரிப்புவரை ஒரு முழுச் சுற்று என்று பிரித்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஒரு மரபணு இந்த இனத்தில் சுற்றின் கால் பங்கில் உச்சிக்குப் போகிறது, அந்த இனத்தில் பாதியில் போகிறது என்று கண்டால், அது நிஜமான வித்தியாசம். நாம் இழுத்ததால் வந்ததும் இல்லை, இழுத்ததால் மறைந்ததும் இல்லை.

இன்னொரு தொல்லை, கூட்டம். ஒன்றாகத் தொடங்கும் ஆயிரம் புழுக்கள் நேரம் போகப் போகச் சிதறும். சில முந்தும், சில பிந்தும். மூன்றாவது, நான்காவது சுற்றில் அலை தாழ்ந்து தெரிவதற்குக் காரணம் மரபணுவாகவும் இருக்கலாம், கூட்டம் சிதறியதாகவும் இருக்கலாம். ஓர் இனம் மற்றதைவிட அதிகமாகச் சிதறினால் அலையின் உயரத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இதற்கு நல்ல வழி ஒவ்வொரு புழுவாக எடுத்துப் படிப்பது. ஜெர்மனியின் தூபிங்கன் நகரத்தில் ரால்ஃப் சொம்மர் குழுவினர் பிரிஸ்டியோங்கஸ் பசிஃபிகஸ் என்ற தூரத்துச் சொந்தத்தில் இதைத்தான் செய்து 2021-இல் வெளியிட்டார்கள்.

அந்தப் புழுவைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் என்னால் நகர முடியாது. பிரிஸ்டியோங்கஸ் வண்டுகளோடு சேர்ந்து வாழ்வது. வண்டு செத்தால் அதன் உடலில் பெருகும் பாக்டீரியாவைத் தின்னும். அதற்குப் பல் உண்டு. ஒரே மரபணுத் தொகுதி உள்ள புழுக்களில் சில, பாக்டீரியா மட்டும் தின்னும் குறுகிய வாயோடு வளரும். சில, மற்றப் புழுக்களைக் கடித்துக் கிழித்துத் தின்னும் அகன்ற வாயோடு வளரும். கூட்டமும் பட்டினியும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிவிடும். அந்தப் பற்களும் தோலின் பகுதிதான், ஒவ்வொரு தோலுரிப்பிலும் வாயின் உறை புதிதாகக் கட்டப்படுகிறது. இந்தப் புழு முதல் தோலை முட்டைக்குள்ளேயே கழற்றிவிட்டு இரண்டாம் பருவமாகத்தான் வெளியே வரும். நான்கு சுற்றில் ஒன்று ஓட்டுக்குள் முடிந்துவிடுகிறது. இவ்வளவு மாறிய பிறகும், தாளத்தோடு ஏறி இறங்கும் மரபணுக்களில் ஒரு மையக் குழு சி. எலிகன்ஸோடு பொதுவாக நிற்கிறது என்பதுதான் தூபிங்கன் முடிவு. மையம் நின்றுவிட்டது, சுற்றியிருப்பது மாறியிருக்கிறது. டிபிஒய்-6 என்ற ஒரு மரபணு இரண்டு இனத்திலும் தாளத்தோடு ஏறுகிறது, இரண்டிலும் தோலையும் வாயையும் கட்டுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

மையம் ஏன் மாறுவதில்லை என்று யோசித்தால், ஜிஆர்எச்-1 என்ற புரதம் ஒரு விடை தருகிறது. இது மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம், தானும் தாளத்தோடு ஏறி இறங்குவது. சுற்றின் குறிப்பிட்ட கட்டத்தில் இதை நீக்கினால் புதுத் தோல் ஒழுங்காக உருவாகாமல் புழு தோலுரிக்கும்போது வெடித்துச் சாகிறது. வேறு கட்டத்தில் நீக்கினால் அந்தத் தோலுரிப்பு தப்பிவிடுகிறது. இதே குடும்பத்துப் புரதங்கள் பாலூட்டிகளின் மேல்தோல் உருவாவதிலும் வேலை செய்கின்றன. நேரம் தவறினால் சாவு என்ற இடத்தில் பரிணாமம் அதிகம் விளையாடாது.

இந்தப் புழுக்கதை ஒட்டுண்ணிகளில் போய் முடிவதால் நம் வீடுகளுக்கும் சம்பந்தம் உண்டு. எங்கள் தாத்தா பேராக்கில், கிரியான் பக்கத்து எஸ்டேட்டில் இளவயதைக் கழித்தவர். நான் வீட்டில் புழுவைப் பற்றிப் பேசினால் அவர் பேச்சு யானைக்கால் பக்கம் திரும்பிவிடும். "ராத்திரியிலதான்மா வருவாங்க. லயத்துல எல்லாரும் தூங்கிக்கிட்டு இருப்போம். டிரெசர் விளக்கைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு, விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க" என்பார். லயம் என்பது தொழிலாளர் குடியிருப்பு வரிசை, டிரெசர் என்பவர் எஸ்டேட் மருத்துவ உதவியாளர். "ஏன் தாத்தா பகல்ல எடுக்க மாட்டாங்களா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பகல்ல பூச்சி ஒளிஞ்சிக்குமாம்" என்பது அவர் பதில்.

தாத்தா சொன்னது முற்றிலும் சரி. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலடி ரத்தத்துக்கு வரும். அவை இரவில்தான் ரத்தத்தில் தென்படுகின்றன என்பதை 1870-களில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டார். மலேசியாவில் இந்த நோய்க்கு முக்கியக் காரணமான புழுவுக்கு நம் மண்ணின் பெயரே இருக்கிறது, புரூகியா மலாயி. இதில் இரவில் மட்டும் திரளும் வகையும் உண்டு, சதுப்புக் காடுகளில் குரங்குகளிடமும் வாழ்ந்து, பகலிலும் ஓரளவு ரத்தத்தில் தென்படும் வகையும் உண்டு.

இரவில் வருவது ஒரு தாளம், தோலுரிப்பது வேறு தாளம். இரண்டையும் குழப்பக் கூடாது. நான் ஆசையோடு பார்ப்பது இரண்டாவதை. புரூகியாவுக்கும் தோலுரிப்பு நான்குதான். இரண்டு கொசுவின் உடலில், இரண்டு மனித உடலில். நடுவில், மூன்றாம் பருவத்தில், கொசு ஒரு மனிதனைக் கடிக்கும்வரை புழு வளராமல் நிற்கிறது. சி. எலிகன்ஸும் பட்டினி வந்தால் இதைப் போலவே ஓர் இடைப்பட்ட பருவத்தில் மாதக்கணக்கில் நின்றுவிடும். இரண்டு நிற்றலும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். 2020-இல் பாசல் குழு கண்டது இங்கேதான் பொருந்துகிறது. சி. எலிகன்ஸ் முதல் பருவத்தில் பட்டினியால் நின்றாலும், அந்த இடைப்பட்ட பருவத்தில் நின்றாலும், வளர்ந்து முடித்து நின்றாலும், தாளம் கண்ட இடத்தில் நிற்பதில்லை. தோலைவிட்டு வெளியே வரும் கட்டத்தை ஒத்த ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. புரூகியாவின் மூன்றாம் பருவமும் அந்த இடத்தில்தான் நிற்கிறதா? அங்கிருந்து அதைத் தட்டி எழுப்புவது மனித உடலின் சூடா, வேறு ஏதாவதா? தோலுரிக்க முடியாத ஒட்டுண்ணி வளர முடியாது. சாதுவான புழுக்களில் தாளத்தின் எந்த மரபணு எல்லா இனத்திலும் மாறாமல் நிற்கிறது என்று தெரிந்தால், மருந்து தேடுபவர்களுக்கு எங்கே கை வைக்கலாம் என்று தெரியும். மூன்று இனங்களுக்குப் பொதுவான பட்டியல், ஓர் இனத்தின் நீண்ட பட்டியலைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

இந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில், குளிர் வெப்பநிலைகளில் நடக்கின்றன என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 2018-இல் ஜப்பானின் இஷிகாக்கித் தீவில் ஓர் அத்திப்பழத்துக்குள் சி. எலிகன்ஸின் மிக நெருங்கிய சொந்தம் இருப்பதை அறிவித்தார்கள். சி. இனொப்பினாட்டா என்று பெயர். சி. எலிகன்ஸைப் போல் இரண்டு மடங்கு நீளம் வளரும், சூட்டை விரும்பும், அத்திக் குளவியின் மேல் ஏறிப் பயணம் செய்யும், மெதுவாக வளரும். அத்தி வகைகள் நிறைந்த நம் காடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புழு நினைவுக்கு வருகிறது. தண்ணீர்மலை அடிவாரத்திலும் பாலிக் புலாவ் தோட்டங்களிலும் விழுந்து அழுகும் பழத்துக்குக் குறைவா? ஒரு துண்டை எடுத்து, பாக்டீரியா பூசிய அகார் தட்டின் ஓரத்தில் வைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் பழத்தைவிட்டுப் புழுக்கள் பாக்டீரியாவை நோக்கி இறங்கி வரத் தொடங்கும், பின்னால் அலை அலையாகத் தடம் விழும்.

ஆர்.என்.ஏ. படிக்கப் பணம் நிறைய வேண்டும், உண்மை. ஆனால் நான் மேலே சொன்ன வெளி அடையாளத்துக்குப் பணமே வேண்டாம். இங்கே பழத்தில் கிடைக்கும் புழுவை 25 டிகிரியிலும் 28 டிகிரியிலும் வளர்த்து, தொண்டை எப்போது நிற்கிறது, தோல் எப்போது கழல்கிறது என்று மணிக்கு மணி குறித்தாலே, நான்கு சுற்றுகளின் நீளமும் சூட்டோடு அவை எப்படிச் சுருங்குகின்றன என்பதும் கைக்கு வந்துவிடும். பின்னால் யார் எந்த நாட்டில் ஆர்.என்.ஏ.வைப் படித்தாலும் அந்த அட்டவணை இல்லாமல் நகர முடியாது. வரும் பள்ளி விடுமுறையில் இதைத் தொடங்குகிறோம். இரவு முறைக்கு இரண்டு மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், விடியற்காலை முறைக்கு இன்னும் ஆள் வேண்டும். பினாங்கில் இருந்து, மைக்ராஸ்கோப் முன்னால் பொறுமையாக உட்கார ஆசை உள்ளவர்கள் எழுதுங்கள். உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.